பிடிக்கவும் விடவும் தெரிந்த கை

மருத்துவமனையில் நம் உறவினரின் தலைமாட்டில் தொங்கும் பாட்டிலை நாம் பொதுவாகக் குளுக்கோஸ் என்று சொல்லிவிடுகிறோம். பல நேரம் அது குளுக்கோஸாக இருப்பதில்லை, நர்ஸுகள் ஆர்.எல். என்று சுருக்கிச் சொல்லும் ரிங்கர் லாக்டேட்டாக இருக்கிறது. சொட்டுச் சொட்டாக இறங்கும் அந்தக் கரைசலில் சோடியம் உண்டு, பொட்டாசியம் உண்டு, 1930-களில் அலெக்சிஸ் ஹார்ட்மன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சேர்த்த லாக்டேட் உண்டு. இவற்றோடு மிகச் சிறிதளவு கால்சியமும் உண்டு. அந்தச் சிறிதளவு அதில் வந்து சேர்ந்த விதம் நாம் கொஞ்சம் நின்று யோசிக்கத் தக்கது.

1880-களின் தொடக்கத்தில் லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர், தவளையின் இதயத்தை உடலிலிருந்து பிரித்தெடுத்து, உப்புக் கரைசலில் வைத்து, எவ்வளவு நேரம் துடிக்கிறது என்று பார்த்துவந்தார். இதயம் நன்றாகவே துடித்தது. முடிவுகளை அச்சிலும் ஏற்றிவிட்டார். பிறகுதான் தெரிந்தது, அந்தக் கரைசல் அவர் எண்ணியிருந்தபடி வடிநீரில் செய்யப்பட்டதில்லை என்று. நியூ ரிவர் குடிநீர் நிறுவனம் வீடுகளுக்கு அனுப்பும் குழாய்த் தண்ணீரில் அது கலக்கப்பட்டிருந்தது. உண்மையான வடிநீரில் அதே உப்பைக் கரைத்துப் பார்த்தபோது இதயம் சற்று நேரத்தில் சோர்ந்து நின்றது. லண்டன் தண்ணீரில் இயல்பாகவே இருந்த கால்சியம்தான் அதுவரை அதை ஓட வைத்திருந்தது. 1883-இல் ரிங்கர் இதையும் மறைக்காமல் எழுதி வெளியிட்டார்.

தூய்மையை நிறைவென்றும் கலப்பைக் குறையென்றும் எண்ணிப் பழகியவர்கள் நாம். தூய நீரில் நின்றுபோன இதயம் கலப்புள்ள நீரில் துடித்தது என்பது அந்த எண்ணத்தைச் சற்று அசைக்கத்தான் செய்கிறது. நம்மைத் தாங்கி நிற்பவற்றுள் பல, நம் கணக்கில் வராமல், நாம் அழைக்காமல், ஏதோ ஒரு குழாய் வழியே நம்மிடம் வந்து சேர்ந்தவை. ஆனால் ரிங்கர் கண்டது பாதிதான். கால்சியம் வேண்டும் என்பது தெரிந்தது. தசைக்குள் அதை யார் பெற்றுக்கொள்கிறார்கள், பெற்று என்ன செய்கிறார்கள் என்பது தெரிவதற்கு இன்னும் எண்பது ஆண்டுகள் ஆயின.

நம் ஒவ்வொருவர் உடலிலும் ஏறத்தாழ 1 கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் தங்கிவிடுகிறது. கேழ்வரகு, பால், முருங்கைக்கீரை என்று நாம் பேசுவதெல்லாம் அந்தப் பெரும்பங்கைப் பற்றியே. இங்கே நம் சிந்தனைக்கு உரியது மீதமுள்ள சிறுபங்கு. இரத்தத்திலும் செல்களைச் சூழ்ந்த திரவத்திலும் அது எப்போதும் இருக்கிறது. செல்லுக்கு உள்ளேயோ, செல் ஓய்ந்திருக்கும் வேளையில், வெளியே உள்ளதில் ஏறத்தாழ 10,000-இல் ஒரு பங்குதான். இந்த ஏற்றத்தாழ்வு தானாக நேர்ந்ததில்லை. சவ்வில் உள்ள பம்புகள் இரவு பகல் பாராமல் கால்சியத்தை வெளியே தள்ளிக்கொண்டும், உள்ளறைகளில் அடைத்துக்கொண்டும் இருக்கின்றன. செல் ஈட்டும் ஆற்றலில் ஒரு பங்கு இதற்கே செலவாகிறது.

ஏன் இவ்வளவு பாடு? செல் தன் ஆற்றலைப் பாஸ்பேட் வடிவில் சேமித்துச் செலவழிக்கிறது. கால்சியமும் பாஸ்பேட்டும் அளவுக்கு மீறிச் சந்தித்தால் கரையாத உப்பாகப் படிந்துவிடும். எலும்பில் அது உறுதி. செல்லின் உள்ளே அது சாவு. ஆகவே உயிர் தன் தொடக்க காலத்திலிருந்தே கால்சியத்தை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைக்கக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்று உயிரியலாளர்கள் கருதுகிறார்கள். தற்காப்புக்காகச் செய்த இந்த ஏற்பாடு வேறொன்றுக்கும் வழி திறந்தது. உள்ளே ஏறக்குறைய எதுவுமே இல்லாததால், துளி நுழைந்தாலும் அது தெரிகிறது. நிறைந்த ஏரியின் கரைக்கு அப்பால் காய்ந்து கிடக்கும் வயலை நினைத்துக்கொள்வோம்: ஏரிக்குள்ளேயே நிற்கும் நீர் பயிருக்கு உதவுவதில்லை, கரை உடைந்து வயலை மூழ்கடித்து நிற்கும் நீர் பயிரை அழுகச் செய்கிறது, மதகு திறந்து மூடும் அந்த அளவான பொழுதில்தான் நீர் விளைச்சலாகிறது. கால்சியமும் அப்படித்தான், நுழையும் அளவாலும் நேரத்தாலும் நஞ்சு என்ற நிலையிலிருந்து செய்தி என்ற நிலைக்கு உயர்கிறது.

செய்தி என்றால் என்ன செய்தி? இங்கேதான் மனம் திகைக்கிறது. முட்டைக்குள் விந்தணு புகுந்ததும் கால்சியம் எழுகிறது, முட்டை கருவாக விழித்துக்கொள்கிறது. இதயத் தசையில் கால்சியம் எழுகிறது, தசை சுருங்குகிறது. நரம்பு முனையில் எழுகிறது, அடுத்த நரம்புக்குச் சேதி போகிறது. மூளைச் செல்லில் திரும்பத் திரும்ப எழுகிறது, ஒரு நினைவு பதிகிறது. இன்னொரு செல்லில் அளவு கடந்து எழுகிறது, அந்தச் செல் இறக்கிறது. பிறப்பு, இயக்கம், உரையாடல், நினைவு, இறப்பு எல்லாவற்றுக்கும் வந்து நிற்பது ஒரே அயனி. இரண்டு நேர்மின்னேற்றம் என்பதைத் தவிர அதனிடம் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. முட்டைக்கு ஒன்று, இதயத்துக்கு வேறொன்று என்று அதற்குள் எதுவும் எழுதி வைக்கப்படவுமில்லை. அப்படியானால் அந்தச் செய்திகளின் பொருள் எங்கே இருக்கிறது? கால்சியத்தைப் பெற்றுக்கொள்ளும் புரதங்களில் இருக்கிறது.

1960-களில் டோக்கியோவில் செட்சுரோ எபாஷி, தசை இழைகளின் மேல் அமர்ந்து கால்சியத்தைப் பற்றும் ட்ரோபோனின் என்ற புரதத் தொகுதியைக் கண்டபோதுதான் இந்த உண்மை வெளிச்சத்துக்கு வரத் தொடங்கியது. சுண்ணாம்பில் உள்ள ஓர் எளிய அயனியா தசையை ஆள்கிறது என்று அன்று பலர் ஏற்கத் தயங்கினார்கள். மாரடைப்பா இல்லையா என்று அறிய இன்று நள்ளிரவில் இரத்தம் எடுத்து ஓடுகிறோமே, அந்தப் பரிசோதனை அளப்பது இதே தொகுதியின் உறுப்புகளைத்தான். 1973-இல் ராபர்ட் கிரெட்சிங்கர் கெண்டை மீனின் தசையிலிருந்து எடுத்த பர்வால்புமின் என்ற புரதத்தின் வடிவத்தை வரைந்து காட்டினார். (மீன் ஒவ்வாமை உள்ளவர்களின் உடல் பெரும்பாலும் சண்டை பிடிப்பது இந்தப் புரதத்தோடுதான் என்பது பின்னால் தெரியவந்தது.) ஈ, எஃப் என்று அவர் பெயரிட்ட இரு சுருள்கள், நீட்டிய சுட்டுவிரலும் கட்டைவிரலுமாக நிற்க, நடுவில் மடங்கிய பகுதி கால்சியத்தைப் பொதிந்து வைத்திருந்தது. வலக்கையின் அமைப்பு என்றே அவர் அதை விளக்கினார். பின்னர் தேடத் தேட, அந்தக் கை நூற்றுக்கணக்கான புரதங்களில் கிடைத்தது.

அவற்றுள் ஒன்று கால்மோடுலின். வெறும் 148 அமினோ அமிலங்கள், நான்கு கைகள். கால்சியம் வந்து சேர்ந்ததும் தன் உருவம் மாறி, முந்நூறுக்கும் மேற்பட்ட புரதங்களில் எது அருகில் இருக்கிறதோ அதைத் தழுவி, அதை வேலை செய்யத் தூண்டுகிறது அல்லது ஓய வைக்கிறது. மீனிலிருந்து மனிதன்வரை, முதுகெலும்புள்ள உயிரினங்கள் எல்லாவற்றிலும் இதன் அமினோ அமில வரிசையில் ஒன்றுகூட மாறவில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளில் செதில் போய்த் தோல் வந்தது, துடுப்பு போய்க் கை வந்தது, இது மட்டும் அப்படியே நின்றது. மாற்றத்தையே இயல்பாகக் கொண்ட உயிர், சிலவற்றை மட்டும் மாற்றாமல் காத்துவந்திருக்கிறது என்றால், அவற்றின் மேல் எவ்வளவு ஏற்றி வைக்கப்பட்டிருக்கிறது என்று நாம் ஊகிக்கலாம். நம் மரபணுத் தொகுதியில் இதே புரதத்தை எழுதும் மரபணுக்கள் மூன்று, பிரதிகள் ஆறு. அந்த ஆறில் ஐந்து சரியாக இருந்து, ஒன்றில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தாலும், குழந்தைகளின் இதயத் துடிப்பு திடீரெனத் தாறுமாறாகி உயிருக்கே ஆபத்து நேரலாம் என்று 2012 முதல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. பெரும்பான்மை சரியாக இருந்தால் போதும் என்ற நம் வழக்கமான ஆறுதல் இங்கே செல்லுபடியாவதில்லை.

இந்தக் கையைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், என் நோக்கில் அதுவே முதன்மையானது. அது பிடிக்கிறது என்பது பாதிச் செய்தி, விடுகிறது என்பது மறுபாதி. மில்லி வினாடிகளில் பற்றி, மில்லி வினாடிகளில் விட்டுவிடுவதால்தான் அடுத்த துடிப்பை அதனால் உணர முடிகிறது. இறுகப் பிடித்து விடாமலே இருக்கும் புரதம் கால்சியத்தைச் சேர்த்து வைக்கும் கிடங்காக இருக்கலாம். அதனிடம் ஒரு செய்தியை இரண்டு முறை சொல்ல முடியாது. பற்றுதலையும் துறத்தலையும் எதிரெதிர்த் துருவங்களாக வைத்து, ஒன்றை இழிந்ததென்றும் மற்றதை உயர்ந்ததென்றும் பேசிவந்த மரபுகளுக்கு நடுவே வளர்ந்த நமக்கு, இவ்விரண்டும் ஒரே கையின் ஒரே அசைவில் பிரிக்க முடியாமல் கலந்திருப்பதும், இதில் எது தவறினாலும் இதயம் நின்றுவிடும் என்பதும் எண்ணிப் பார்க்க வேண்டியவை.

இந்தப் பிடித்தலையும் விடுதலையும் மனிதக் கண்ணுக்குக் காட்டியதும் ஒரு கால்சியப் புரதமே. நாகசாகியில் குண்டு விழுந்த நாளில் அந்நகரத்துக்குச் சில கல் தொலைவில் இருந்த பதினாறு வயதுச் சிறுவன் ஒசாமு ஷிமோமுரா. 1961-இல் அவர் அமெரிக்காவின் பிரைடே ஹார்பரில், ஒளிரும் ஜெல்லிமீன்களிலிருந்து அந்த ஒளியைப் பிரித்தெடுக்க முயன்றுகொண்டிருந்தார். பயனற்றது என்று ஒரு நாள் கரைசலைக் கழுவுதொட்டியில் கொட்ட, அது பளீரென நீல ஒளி வீசியது. தொட்டியில் கடல்நீர் வழிந்துகொண்டிருந்தது, அதில் கால்சியம் இருந்தது. அப்படிக் கிடைத்த ஏக்வோரின் என்ற புரதத்தை 1970-களில் மெடாகா மீனின் முட்டைக்குள் செலுத்திப் பார்த்தபோது, விந்தணு புகுந்த இடத்தில் தொடங்கிய ஒளி அலையாக முட்டையின் மறுமுனைவரை பரவிச் சென்று அடங்கியது. ஓர் உயிரின் முதல் செய்தி கடந்து செல்வதை மனிதர் பார்த்தனர்.

இதுவரை சொன்னது செல்லின் உள்விவகாரம். செல்லும் செல்லும் சேர்ந்து திசுவாக நிற்பதற்கும் கால்சியம் வேண்டும். கால்சியம் நீக்கிய கடல்நீரில் கடல் முள்ளெலியின் இளங்கரு தனித்தனிச் செல்களாகப் பிரிந்துவிடுகிறது என்பதை 1900-இலேயே கர்ட் ஹெர்ப்ஸ்ட் கண்டிருந்தார். எது அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிறது என்று கண்டுபிடித்தவர் ஜப்பானின் மசாதோஷி தாகெய்ச்சி. அந்தப் புரதங்களுக்கு 1980-களில் காட்ஹெரின் என்று பெயரிட்டார். செல்லின் மேற்பரப்பிலிருந்து நீளும் இப்புரதத்தின் கணுக்களுக்கிடையே கால்சியம் அமர்ந்திருக்கும்வரை அது விறைத்து நின்று, பக்கத்துச் செல்லின் காட்ஹெரினைக் கோத்துக்கொள்கிறது. கால்சியம் போனால் தொய்ந்துவிடுகிறது. நம் தோல், குடல், வயிறு இவற்றின் உட்படலங்கள் கிழியாமல் ஒன்றாக இருப்பது இந்தக் கோப்பினால்தான். அங்கே தங்கியிருப்பதே வேலை. எப்போது விட வேண்டும் என்று அறிந்த கைகளைப் பற்றிப் பேசிவந்த நாம், எப்போது விடக்கூடாது என்ற இடத்துக்கும் வந்துவிட்டோம்.

இந்தப் பிடித்தலும் விடுதலும் பிறழும் இடங்களில் ஒன்று புற்றுநோய். அதைப் பற்றிப் பேசும்போது போர், எதிரி, படையெடுப்பு என்ற சொற்களிலேயே நாம் பேசிப் பழகிவிட்டோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. வெளியிலிருந்து வந்த எதையும் அங்கே பெரும்பாலும் காண முடிவதில்லை. மேலே பார்த்த அதே கால்சியம், அதே புரதங்கள், அதே கைகள்தான் அங்கும் இருக்கின்றன.

பயாப்சி அறிக்கை படித்தவர்கள் எஸ்-100 என்ற பெயரைக் கண்டிருப்பார்கள். தோலில் வரும் மெலனோமாவை அடையாளம் காண நோயியலாளர்கள் வழக்கமாகப் பார்க்கும் புரதக் குடும்பம் அது. 1965-இல் மாட்டு மூளையிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. நூறு சதவீதம் செறிந்த அம்மோனியம் சல்பேட் கரைசலிலும் கரைந்து நின்றதால் அந்தப் பெயர். இக்குடும்பத்தில் எஸ்-100-ஏ-4 என்ற ஒன்று, பரவும் கட்டிகளையும் பரவாத கட்டிகளையும் ஒப்பிட்ட எலி ஆய்வில் 1989-இல் கண்டறியப்பட்டது. கால்சியம் பற்றியதும் அது திறந்து, செல்லின் உட்சட்டத்தைக் கட்டி நிறுத்தும் மயோசின் இழைகளைத் தளர்த்துகிறது. இறுகியிருந்த செல் நகரத் தொடங்குகிறது. புற்றுநோயில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் முதலில் தோன்றிய கட்டியைவிட அதன் பரவலே என்பதால், இந்தப் புரதத்தின் மேல் குற்றப் பத்திரிகை எழுதிவிட மனம் விரைகிறது.

சற்றுப் பொறுப்போம். எலிகளின் மார்பகத்தில் இந்தப் புரதத்தை மிகையாகச் சுரக்க வைத்துப் பார்த்தார்கள். அதனால் மட்டும் புற்றுநோய் வரவில்லை. ஏற்கெனவே கட்டி வரக்கூடிய எலிகளோடு கலந்தபோதுதான் கட்டிகள் கூடுதலாகப் பரவின. நகர்வதற்கு உதவுவது இதன் தொழில். ஆறும் புண்ணை மூடவும், கிருமியைத் தேடிப் போகவும் நம் செல்கள் நகர்ந்தே ஆக வேண்டும். நகர்தல் காப்பாகவும் இருக்கிறது, கேடாகவும் இருக்கிறது. எங்கே, எப்போது, யார் பொருட்டு நகர்கிறது என்பதில்தான் வேறுபாடு. எலும்பு மஜ்ஜையில் நிகழும் ஒன்றையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். செல்லின் உள்ளறையான எண்டோபிளாச வலைக்குள் கால்சியத்தைச் சேர்த்து வைக்கும் கால்ரெடிகுலின் என்ற புரதத்தின் வால் முழுவதும் எதிர்மின்னேற்றம். கால்சியம் அதில்தான் வந்து தங்குகிறது. சிலரது இரத்தப் புற்றுகளில் அந்த வால், மரபணுப் பிழையால், நேர்மின்னேற்றம் உள்ளதாக மாறிவிடுகிறது என்று வியன்னாவிலும் கேம்பிரிட்ஜிலும் இரு குழுக்கள் 2013-இல் கண்டன. கால்சியத்தைப் பிடிக்கும் வலிமையை இழந்த அந்த வால் அதன்பின் சும்மா இருப்பதில்லை. தனக்கு உரிமையில்லாத ஓர் ஏற்பியைப் பற்றிக்கொண்டு, தட்டணுக்களைப் பெருக்கச் சொல்லி ஓயாமல் தூண்டுகிறது. இதே கால்ரெடிகுலின், கீமோ மருந்தால் சாகும் புற்று செல்லின் மேற்பரப்புக்கு வந்து நின்று, என்னை எடுத்துக்கொள் என்று நம் தற்காப்புச் செல்களுக்கு அடையாளம் காட்டுவதும் உண்டு. ஒரே பெயர், ஒரே புரதம். ஓரிடத்தில் நோயின் ஊற்று, இன்னோரிடத்தில் நோய் தீரும் வழி.

நோய் கண்டவர் கேட்கும் முதல் கேள்வி, நான் என்ன பாவம் செய்தேன் என்பது. நம் வீடுகளில் அது மெல்லிய குரலில் எப்போதும் கேட்கிறது, சில நேரம் உறவினர் வாயிலிருந்தே. அவர்களிடம் சொல்வதற்கு நம்மிடம் ஒரு பதில் இருக்க வேண்டும். குற்றத்தைத் தேடி ஒவ்வொரு மூலக்கூறாக இறங்கிப் பார்த்த அறிவியலுக்கு எந்த அடுக்கிலும் ஒரு குற்றவாளி அகப்படவில்லை. அகப்பட்டதெல்லாம், தத்தம் வேலையைச் செய்துகொண்டிருந்த பொருள்கள், அளவும் இடமும் பொழுதும் பிறழ்ந்தபோது அதே வேலையையே கேடாகச் செய்தது என்ற செய்திதான்.

அப்படியென்றால் புற்று செல் எதை இழந்தது? அது கால்சியத்தின் மொழியை மறந்துவிட்டது என்று சிலர் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். சான்றுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. செல் இறக்க வேண்டிய வேளை வந்தால், எண்டோபிளாச வலையிலிருந்து கால்சியம் பெருமளவில் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் பாய்கிறது. அது தாங்காமல் திறந்துகொள்ள, செல்லின் சாவு தொடங்குகிறது. தாயின் கருவில் நம் கைவிரல்கள் ஐந்தாகப் பிரிந்ததே, இடையில் இருந்த செல்கள் இப்படி உரிய நேரத்தில் இறந்து வழிவிட்டதால்தான். 1980-களின் நடுவில் ஒரு வகை லிம்போமாவில் கண்டெடுக்கப்பட்ட பி.சி.எல்.-2 என்ற புரதம், செல்லைச் சாகவிடாமல் காப்பதற்குக் கையாளும் வழிகளில் ஒன்று, அந்த வலையிலிருந்து கால்சியம் வெளியேறும் வாயிலில் போய் அமர்வது. அங்கே அமர்ந்து அது எல்லாவற்றையும் அடைத்துவிடுவதில்லை. மரணத்தைச் சொல்லும் பெரும்பாய்ச்சல் தடைபடுகிறது. வளரவும் பெருகவும் சொல்லும் சிறுதுடிப்புகள் தடையின்றித் தொடர்கின்றன. அந்தச் செல் செவிடாகிவிடவில்லை. தனக்கு ஆதாயமானதைக் கேட்டுக்கொண்டு, ஆதாயமில்லாததை மட்டும் கேளாமல் விடுகிறது.

நாம் இதுவரை ஏறிவந்த படிகளின் மேல் நின்று பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: ஒரு முழுமையின் பகுதியாக இருப்பது என்பது, அந்த முழுமையிலிருந்து வரும் செய்திகளில் நம்மை வளர்ப்பவற்றை மட்டும் ஏற்பதாக இருக்க முடியாது, இங்கேயே தங்கு என்பதையும், இப்போது நில் என்பதையும், இனி நீ வேண்டாம் என்பதையும் அதே செவியால் ஏற்கும் ஒரு கடப்பாட்டினாலேயே கோடிக்கணக்கான தனித்தனிச் செல்கள், ஒன்றையொன்று அறியாமலே, ஓர் உடல் என்ற ஒற்றுமைக்குள் வாழ்கின்றன, அந்தக் கடப்பாடு தளர்ந்த செல்லுக்கு வலிமையும் நீண்ட ஆயுளும் கிடைக்கின்றன என்பது உண்மையே ஆனாலும், அது எந்த உடலின் இரத்தத்தை உண்டு வளர்கிறதோ அந்த உடலோடு அதுவும் முடிந்துபோகிறது. செல்லுக்கு மனமில்லை, ஆகவே அதற்கு அறமும் இல்லை. சுயநலம் என்று அதைத் திட்டுவது நம் மொழியின் விளையாட்டு. ஆனால் மனமுள்ள நமக்கு, கூடி வாழ்தலின் விலை என்னவென்று காட்ட இதைவிடத் துல்லியமான ஏற்பாடு வேறு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

மருத்துவத்துக்கு இதனால் எழும் இடர் எளிதல்ல. கெட்ட புரதம் என்று ஒன்று தனியே இருந்தால் அதை அழித்துவிடலாம். கால்மோடுலினை அடக்கும் மருந்து இதயத்தையும் மூளையையும் சேர்த்தே தொடும். எஸ்-100 குடும்பத்தில் ஒன்று ஒரு திசுவில் கட்டியை வளர்க்கிறது, மற்றொன்று வேறொரு திசுவில் கட்டியைத் தடுப்பதாகக் காணப்படுகிறது. ஆகவே இந்த வழியில் மருந்து தேடுவோர் மிக நிதானமாகவே முன்னேற வேண்டியிருக்கிறது. மருந்து வரும்வரை அறிவே சில இடங்களில் மருந்தாகியிருக்கிறது.

நியூசிலாந்தில் மாவோரி இனத்தைச் சேர்ந்த ஒரு பெரிய குடும்பம் முப்பது ஆண்டுகளில் 25-க்கும் மேற்பட்டோரை வயிற்றுப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்திருந்தது. இளவயதினரும் அதில் உண்டு. குடும்பத்தாரே முன்வந்து ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்களை நாடினார்கள். தங்கள் வம்சாவளியை ஒருவர் விடாமல் சொல்லி, இரத்தமும் தந்தார்கள். 1998-இல் பாரி கில்ஃபர்டின் குழு காரணத்தைக் கண்டது: செல்களைக் கோத்து நிறுத்தும் ஈ-காட்ஹெரினின் மரபணுவில் பிறவிப் பிழை. இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதாகவே பிறக்கிறது. வாழ்நாளில் வயிற்றின் ஏதோ ஒரு செல்லில் மற்றதும் செயலிழக்கும்போது அந்தச் செல்லின் கோப்பு அறுகிறது. அப்படி விடுபட்ட செல்கள் ஒரு கட்டியாகத் திரள்வதில்லை. உட்சுவரின் அடியில் அங்கொன்று இங்கொன்றாகச் சிதறிக்கிடக்கின்றன, பல ஆண்டுகள் அசையாமலும் இருக்கின்றன. எண்டோஸ்கோப்பிக் கருவிக்கு அவை பெரும்பாலும் தப்பிவிடுகின்றன.

பழுதான பிரதியைச் சுமப்பவர்களுக்கு மருத்துவர்கள் சொல்லக்கூடிய உறுதியான வழி ஒன்றே. நோய் வருமுன்பே வயிற்றை முழுவதும் அகற்றிவிடுவது. பசியெடுத்து, உண்டு, செரித்து, நலமாக நடமாடும் ஒருவர், ஒரு பரிசோதனைத் தாளை நம்பித் தன் உறுப்பை இழக்கச் சம்மதிக்க வேண்டும். எவ்வளவு கடினமான சம்மதம் அது என்பதை விளக்க வேண்டியதில்லை. அக்குடும்பத்தில் பலர் சம்மதித்தார்கள். எடுத்த வயிறுகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது, எந்தத் தொல்லையும் உணராதவர்களுடையவற்றிலும் அந்தச் சிதறிய செல்கள் பெரும்பாலும் ஏற்கெனவே இருந்தன. உணவுக்குழாயை நேரே குடலோடு இணைத்துவிடுகிறார்கள். அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை உண்ண வேண்டும், பி-12 ஊசி வாழ்நாள் முழுக்க வேண்டும்.

பெற்றோரில் ஒருவருக்குப் பிழை இருந்தால் பிள்ளைக்கு அது வரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. ஆகவே அடுத்த தலைமுறையும் வளர்ந்ததும் அதே பரிசோதனைக்கு வந்து நிற்கிறது. இல்லை என்று விடை பெறுபவர் வீடு திரும்பலாம். உண்டு என்று விடை பெறுபவர், படிப்பு, வேலை, திருமணம், பிள்ளைப்பேறு என்ற வரிசையில் எதற்கு முன், எதற்குப் பின் வயிற்றை இழப்பது என்று, ஏற்கெனவே இழந்த அத்தையோடும் மாமனோடும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.